ஏஐ ஃபண்டுகள்: வேலை போகும் பயத்துக்கு மருந்தா?

"என் வேலையை ஏஐ பிடுங்கினால் பிடுங்கட்டும், பிடுங்குகிற கம்பெனியின் பங்கு என்னிடம் இருக்கிறதே!" ஏஐ (செயற்கை நுண்ணறிவு) தீம் ஃபண்டுகளில், அதாவது ஏஐ தொடர்பான கம்பெனிகளின் பங்குகளை மொத்தமாக வாங்கிவைக்கும் ஃபண்டுகளில், பணம் போடுகிறவர்கள் பலர் மனதில் ஓடும் கணக்கு இதுதான். சம்பளம் இறங்கினால் பங்கு ஏறும், ஒரு கை போனால் இன்னொரு கை தாங்கும். கேட்க அழகாக இருக்கிறது. பங்கு விற்பவர்களும் இப்போது இதே வார்த்தைகளில் விற்கிறார்கள்.

அதனால் இந்த ஃபண்டுகள் எவ்வளவு ஏறும் என்ற ஆரூடத்தை ஒதுக்கிவிட்டு, வேறொன்றைச் சோதிக்கலாம்: சம்பளம் நின்றுபோன மாதத்தில் இவை கையில் என்ன தரும்? வளர்ச்சி முதலீடாக 5க்கு 3 மதிப்பெண் கொடுக்கலாம். வேலையிழப்புக்குக் காப்பாக 5க்கு 1.5தான். அந்த ஒன்றரையும்கூட, கீழே சொல்லப்படும் ஒரு விதியைக் கடைப்பிடிப்பவர்களுக்கு மட்டும்.

முதலில் அளவு

எந்த நாட்டுப் பணமானாலும் பொருந்தும்படி, மாதச் சம்பளத்தையே அளவுகோலாக வைத்துக்கொள்வோம். மாதம் 10% வீதம் 5 ஆண்டுகள் போட்டால் 60 மாதத்தில் போட்டது 6 மாதச் சம்பளம். இது இரட்டிப்பானால் 12 மாதச் சம்பளம். மூன்றில் ஒரு பங்கு இறங்கினால் 4 மாதச் சம்பளம்.

இப்போது மறுபக்கம். இன்னும் 25 ஆண்டுகள் வேலை பார்க்கவேண்டிய ஒருவருக்கு வரவேண்டிய சம்பளம் 300 மாதங்கள். பின்னால் வரும் பணத்துக்கு இன்றைய மதிப்பு குறைவு என்பதால் ஆண்டுக்கு 3% கழித்துப் பார்த்தால், அது சுமார் 209 மாதச் சம்பளத்துக்குச் சமம். ஏஐ வந்து, இனிமேல் பாதிச் சம்பளத்துக்குத்தான் வேலை கிடைக்கும் என்றாகிவிட்டால் நஷ்டம் 104 மாதச் சம்பளம். ஃபண்ட் இரட்டிப்பானதில் வந்த லாபமோ 6. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பது இந்தக் கணக்குக்கே எழுதிவைத்தது போல இருக்கிறது.

104ஐயும் இரட்டிப்பு லாபத்தால் ஈடுகட்டவேண்டுமானால் 104 மாதச் சம்பளத்தை முன்கூட்டியே போட்டிருக்கவேண்டும். அவ்வளவு சேர்த்துவிட்டவருக்கு வேலை போகும் பயம் ஏற்கெனவே பாதி போயிருக்கும். ஆக, தொழிலே அழிந்துபோகும் ஆபத்துக்கு இந்த ஃபண்ட் காப்பாக முடியாது. ஓராண்டு வேலையில்லாமல் இருப்பதை வேண்டுமானால் தாங்கும். அதுவும் அந்த ஆண்டில் விலை ஏறியிருந்தால்.

அந்த 'இருந்தால்' எத்தனை பெரியது

நான்கு விதமான எதிர்காலங்களை எண்ணிப் பார்க்கலாம். ஏஐ ஜெயிக்கிறது, லாபம் ஏஐ கம்பெனிகளுக்கே போகிறது, உங்கள் வேலையும் போகிறது: இதில் மட்டும் காப்பு வேலை செய்யும். ஏஐ மெதுவாக வளர்கிறது, வேலை நிலைக்கிறது: காப்பே தேவைப்படாது. மற்ற இரண்டும்தான் கவலைக்குரியவை.

ஒன்று, ஏஐ ஜெயித்தும் லாபம் வேறு கைக்குப் போவது. இதற்குப் பழைய உதாரணம் இணையம். 1990களின் கடைசியில் கடலடியிலும் நிலத்தடியிலும் ஃபைபர் கேபிள் போட்டவர்களின் கணிப்பு சரியாகவே இருந்தது. உலகம் முழுக்க இணையத்துக்கு வந்தது. ஆனால் அவர்களில் குளோபல் கிராஸிங் 2002 ஜனவரியிலும் வேர்ல்ட்காம் அதே ஆண்டு ஜூலையிலும் திவாலாயின. இணையத்துக்கான கருவிகளை விற்ற சிஸ்கோ திவாலாகவில்லை, 2001இல் ஒரு நஷ்டத்துக்குப் பிறகு மறுபடி லாபமும் சம்பாதித்தது. இருந்தும் 2000 மார்ச்சில் தொட்ட பங்கு விலையை மறுபடி எட்ட அதற்கு 25 ஆண்டுகளுக்கு மேலானது. மலிவாகிப்போன ஃபைபரின் பலனை அனுபவித்தவை பின்னால் வந்த கம்பெனிகள். யூடியூப் தொடங்கியதே 2005இல்தான். 2000இல் இணைய ஃபண்ட் வாங்கியவரால் அதை வாங்கியிருக்கவே முடியாது.

இன்றைக்கும் இதே முடிச்சு இருக்கிறது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ இத்தனை பெரிதாக வளர்ந்தது பங்குச்சந்தைக்கு வராமலேதான். அந்த வளர்ச்சியில் பங்கெடுக்க நினைத்த சாதாரண முதலீட்டாளர், அதில் முதலீடு செய்த மைக்ரோசாஃப்ட் வழியாகச் சுற்றித்தான் போகவேண்டியிருந்தது. மைக்ரோசாஃப்ட்டிலோ ஆஃபீஸ், விண்டோஸ், கிளவுட், விளையாட்டு என்று எல்லாமும் கலந்திருக்கிறது.

நான்காவதுதான் மோசமானது: குமிழி உடைகிறது, பங்கும் இறங்குகிறது, ஆட்குறைப்பும் வருகிறது. இது வெறும் கற்பனை என்றால் 2022ஐப் பார்க்கலாம். அமெரிக்க மத்திய வங்கி, மார்ச் தொடக்கத்தில் பூஜ்ஜியத்தை ஒட்டி இருந்த வட்டியை டிசம்பருக்குள் 4.25–4.50%க்கு ஏற்றியது. டெக் பங்குகள் நிறைந்த அமெரிக்கக் குறியீடான நாஸ்டாக் காம்போசிட் அந்த ஆண்டில் 33% இறங்கியது. நவம்பரில் மெட்டா 11,000 பேரை வீட்டுக்கு அனுப்பியது. 2023 ஜனவரியில் கூகுளின் தாய்க் கம்பெனி ஆல்ஃபபெட் 12,000, மைக்ரோசாஃப்ட் 10,000, அமேசான் 18,000 என்று அறிவிப்புகள் வரிசையாக வந்தன. இரண்டுக்கும் பொதுவான ஒரு காரணம் உண்டு. வட்டி ஏறினால் பத்து ஆண்டுகள் கழித்து வரப்போகும் லாபத்தின் இன்றைய மதிப்பு சுருங்குகிறது, அதனால் பங்கு விழுகிறது. அதே வட்டியால் கடன் வாங்கி ஆளெடுப்பதும் நிற்கிறது, அதனால் வேலை போகிறது. காப்பு என்று வாங்கிவைத்ததும் காக்கப்படவேண்டியதும் ஒரே கயிற்றில் தொங்குகின்றன.

தொழில்நுட்பத் துறையில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கயிறு இன்னும் இறுக்கம். அவர்களுடைய சம்பளம், போனஸ், கம்பெனி தரும் பங்குகள் எல்லாமே நாஸ்டாக்கோடு சேர்ந்துதான் ஏறி இறங்குகின்றன. அதோடு ஏஐ ஃபண்டும் வாங்கினால் அது காப்பு ஆகாது, பந்தயத்தை இரட்டிப்பாக்குவது. 2001இல் அமெரிக்க எரிசக்திக் கம்பெனி என்ரான் விழுந்தபோது அதன் ஊழியர்களின் ஓய்வூதியச் சேமிப்பில் பாதிக்கும் மேல் என்ரான் பங்காகவே இருந்தது. சம்பளமும் சேமிப்பும் சேர்ந்தே போயின.

கடையில் இருக்கும் சரக்கு

பெயரில் ஏஐ இருப்பதால் எல்லா ஃபண்டும் ஒன்றாகிவிடாது. உள்ளே இருப்பதைப் பார்த்தால் சில சமயம் சிரிப்பு வரும்.

குளோபல் எக்ஸின் ரோபாட்டிக்ஸ் அண்ட் ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் இடிஎஃப் 2016இலிருந்து இருக்கிறது. (இடிஎஃப் என்பது பங்கைப் போலவே சந்தையில் வாங்கி விற்கக்கூடிய ஃபண்ட்.) சந்தையில் 'பாட்ஸ்' என்றால் தெரியும். ஆண்டுக் கட்டணம் 0.68%. ஏஐ சிப் செய்யும் என்விடியா இருக்கிறது, சரி. அதோடு ஆலை ரோபோ செய்யும் ஃபானுக், சென்சார் செய்யும் கீயென்ஸ், அறுவை சிகிச்சை ரோபோ செய்யும் இன்ட்யூட்டிவ் சர்ஜிக்கல் என்று ஒரு கூட்டம். கணக்கெழுதுபவர், மொழிபெயர்ப்பாளர், வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர் எல்லாம் பயப்படுவது சாட்ஜிபிடி போன்ற மொழி மாடல்களைப் பார்த்து. அவர்கள் இதை வாங்கினால் வெல்டிங் செய்யும் ரோபோவின் எதிர்காலத்தை வாங்கியவர்கள் ஆகிறார்கள். வெல்டருக்கு வேண்டுமானால் பொருந்தும். இந்த ஃபண்ட் 2022இல் 40%க்கும் மேல் இறங்கியது. 2023இல் நன்றாக ஏறியும் 2021 முடிவில் இருந்த விலையை எட்டவில்லை. அதே 2023இல் என்விடியா மூன்று மடங்குக்கு மேல் ஆனது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஃபண்ட் பின்தொடரும் பங்குப் பட்டியலான இண்டெக்ஸ், தனிப் பங்கு ஒன்றின் எடைக்கு வரம்பு வைத்திருப்பதால், வரம்பைத் தாண்டி ஜெயிக்கும் குதிரையின் எடை ஒவ்வொரு மறுசீரமைப்பிலும் குறைக்கப்படுகிறது. பரவலுக்கு அது நல்லதுதான். ஆனால் "ஏஐ ஜெயித்தால் எனக்குப் பெரிதாக வரும்" என்று நினைத்து வாங்குபவருக்கு அது கிடைக்காது.

அதே நிறுவனத்தின் ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் அண்ட் டெக்னாலஜி இடிஎஃப் 2018இல் வந்தது. கட்டணம் இதற்கும் 0.68%. மொழி மாடல்களுக்குப் பாட்ஸைவிடக் கொஞ்சம் நெருக்கம். ஆனால் உள்ளே இருப்பவற்றில் பெரும்பகுதி பெரிய டெக் கம்பெனிகள்தான். நாஸ்டாக் 100 இண்டெக்ஸ் ஃபண்டான கியூகியூகியூ சுமார் 0.2% கட்டணத்தில் அவர்களில் பலரைத் தருகிறது. பெயர்ப்பலகைக்காக மூன்று மடங்கு கட்டணம் கொடுப்பதில் அர்த்தம் கிடையாது. 0.03% கட்டணம் உள்ள ஒரு பரந்த இண்டெக்ஸ் ஃபண்டோடு ஒப்பிட்டால், 0.65% கட்டண வித்தியாசம் 20 ஆண்டுகளில் கையில் வரும் தொகையைச் சுமார் 12% குறைத்துவிடும், ஈட்டும் லாபம் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தாலும்.

சிப் கம்பெனிகளை வாங்கும் வான்எக் செமிகண்டக்டர் இடிஎஃப் பெயரில் ஏஐ இல்லை. ஆனால் இந்தக் கூட்டத்தில் ஏஐ செலவோடு நேரடியாக ஒட்டியிருப்பது இதுதான்: என்விடியா, டிஎஸ்எம்சி, பிராட்காம் உள்பட சுமார் 25 பங்குகள், 0.35% கட்டணம். காப்பு என்ற நோக்கத்துக்கு மற்றவற்றைவிட இதுவே கிட்டத்தில் வருகிறது. அதற்காக நாம் தரும் விலை, பெரிய ஏற்ற இறக்கம். சிப் தொழில் எப்போதும் அலைதான். தட்டுப்பாடு, அதிக உற்பத்தி, விலைச்சரிவு, மறுபடி தட்டுப்பாடு. அதோடு ஏஐ சிப்பைப் பெருமளவில் வாங்குபவர்களும் சிலரே: மைக்ரோசாஃப்ட், ஆல்ஃபபெட், அமேசான், மெட்டா. இவர்களில் இருவர் அடுத்த ஆண்டுக்கான டேட்டா சென்டர் செலவைக் குறைக்கிறோம் என்று சொன்னால் போதும், சங்கிலி முழுக்க ஆடும். 2025 ஜனவரி 27 அன்று சீனத்து டீப்சீக் மாடலைக் குறைந்த செலவில் உருவாக்கியிருக்கிறார்கள் என்ற செய்திக்கே என்விடியா ஒரே நாளில் 17% விழுந்தது, கிட்டத்தட்ட 600 பில்லியன் டாலர் சந்தை மதிப்பு. கவனியுங்கள், அது ஏஐக்குக் கெட்ட செய்தியே அல்ல. ஏஐ மலிவாகிறது என்ற செய்தி. வேலைகளுக்கு ஆபத்து கூடுகிற செய்தியில் காப்பு விழுந்தது.

அமெரிக்காவில் குடியுரிமையோ வசிப்பிடமோ இல்லாதவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். அங்கே பட்டியலிடப்பட்ட ஃபண்டுகளை நேரடியாக வைத்திருந்தால், வரி ஒப்பந்தம் இல்லாத நாட்டவருக்கு டிவிடெண்டில் 30% பிடித்தம். அதைவிடப் பெரியது, வைத்திருப்பவர் இறந்துவிட்டால் 60,000 டாலருக்கு மேற்பட்ட அமெரிக்கச் சொத்துக்கு அங்கே எஸ்டேட் வரி உண்டு. அதன் உச்ச விகிதம் 40%. அயர்லாந்தில் பதிவான, ஐரோப்பிய விதிப்படி நடக்கும் யூசிட்ஸ் ஃபண்டுகளில் அந்த எஸ்டேட் வரிச் சிக்கல் வராது, அமெரிக்க டிவிடெண்ட் பிடித்தமும் ஃபண்ட் அளவில் 15%தான். எக்ஸ்டிராக்கர்ஸ் ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் அண்ட் பிக் டேட்டா யூசிட்ஸ் இடிஎஃப் 0.35%, விஸ்டம்ட்ரீயின் ஏஐ யூசிட்ஸ் 0.40%. கட்டணத்திலும் இவை மேலே சொன்ன இரண்டு குளோபல் எக்ஸ் ஃபண்டுகளைவிடக் குறைவு. குடும்பத்துக்குப் பாதுகாப்பு என்று வாங்கும் பொருளில் இதைக் கவனிக்காமல் விடுவது விந்தை, ஆனால் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

பங்கின் தினசரி ஏற்ற இறக்கத்தை இரட்டிப்பாகவோ மும்மடங்காகவோ தரும் லெவரேஜ் ஃபண்டுகளைப் பற்றி நீட்டவேண்டியதில்லை. அடிப்படைப் பங்கு முதல் நாள் 10% இறங்கி மறுநாள் 11.1% ஏறினால் பழைய இடத்துக்கே வரும். இரட்டிப்பு ஃபண்ட் 20% இறங்கி 22.2% ஏறி, 2.2% நஷ்டத்தில் நிற்கும். தினமும் கணக்கைப் புதிதாகத் தொடங்குவதால் வரும் தேய்மானம் இது. ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவேண்டிய காப்புக்கு இதைவிடப் பொருந்தாத சரக்கு கிடையாது. பிற்பாடு ஒரு குறித்த விலையில் வாங்கும் உரிமையைத் தரும் ஆப்ஷன்களும் அப்படியே, அவற்றுக்குக் காலாவதித் தேதி உண்டு, வேலை போகும் தேதி யாருக்கும் தெரியாது.

இன்னொன்று: பரந்த இண்டெக்ஸ் ஃபண்ட் ஏற்கெனவே வைத்திருப்பவரிடம் ஏஐ பங்குகள் தேவைக்கு மேலேயே இருக்கின்றன. அமெரிக்காவின் 500 பெரிய கம்பெனிகளின் குறியீடான எஸ் அண்ட் பி 500இல் முதல் பத்து கம்பெனிகளே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடை பிடித்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஏஐ கதையில் வரும் பெயர்கள். தீம் ஃபண்ட் வாங்கும் முன் இரண்டு ஃபண்டின் முதல் 10 பங்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஆறு பெயருக்கு மேல் ஒத்துப்போனால் புதிதாக எதையும் வாங்கவில்லை, பழையதையே அதிகக் கட்டணத்தில் வாங்குகிறீர்கள்.

பொதுவாகவே தீம் ஃபண்டுகளுக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. ஒரு துறை ஏறி, எல்லோர் வாயிலும் விழுந்த பிறகுதான் அதற்கு ஃபண்ட் தொடங்கினால் விற்கும். இட்சாக் பென்-டேவிட் உள்ளிட்ட நான்கு நிதியியல் ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது: இத்தகைய சிறப்பு இடிஎஃப்கள் துறை சூடாக இருக்கும்போது பிறக்கின்றன, பிறந்த பிறகு ஏமாற்றுகின்றன.

இருந்தும் வாங்கத்தான் போகிறோம் என்றால்

வரிசை முக்கியம். முதலில் ரொக்கம். 6 மாதக் குடும்பச் செலவு. ஏஐ தொடும் வேலை என்று தோன்றினால் 12 மாதம். போன வேலைக்குப் பதில் வேறு வேலை தேட எவ்வளவு நாளாகும் என்பதே இதன் அளவை முடிவுசெய்யும். துறை முழுக்க ஆட்குறைப்பு நடக்கும்போது ஒரே வேலைக்கு நூறு பேர் நிற்பார்கள் என்பதால் வழக்கமான மூன்று மாதத் தேடல் இங்கே பொருந்தாது. இந்த ரொக்கம் சேரும்வரை ஃபண்ட் பக்கமே போகவேண்டாம். ரொக்கம் இல்லாமல் ஃபண்ட் மட்டும் வைத்திருப்பவர் வேலை போன மறுமாதமே என்ன விலையானாலும் விற்றாகவேண்டும். 2022 டிசம்பரில் அப்படி விற்றவர் அடியில் விற்றவர்.

பிறகு அளவு. மொத்தப் பங்கு முதலீட்டில் 5 முதல் 10% போதும். தொழில்நுட்பத் துறையில் வேலை என்றால் பூஜ்ஜியமே சரியான எண்; கம்பெனி கொடுத்த பங்கைக் கைக்கு வந்ததும் விற்றுப் பரந்த ஃபண்டுக்கு மாற்றுவதுதான் அவர்களுக்கு உண்மையான காப்பு.

எந்தக் கணக்கில் வைப்பது என்பதையும் யோசிக்கவேண்டும். வரி மிச்சம் என்று ஓய்வூதியக் கணக்குக்குள் வாங்கிவிடுவார்கள். 45 வயதில் வேலை போகும்போது அந்தப் பணம் பூட்டுக்குள் கிடக்கும், உடைத்தால் அபராதம். வேலையிழப்புக்கு என்று வாங்குவது எப்போது வேண்டுமானாலும் விற்கக்கூடிய சாதாரணக் கணக்கில்தான் இருக்கவேண்டும்.

இனி, முன்பு சொன்ன அந்த விதி. போட்ட தொகையைவிட மதிப்பு 50% கூடும்போதெல்லாம், கூடிய பகுதியை விற்று ரொக்கத்தில் சேர்த்துவிடவேண்டும். 6 மாதச் சம்பளம் போட்டது 9 ஆனால், 3ஐ எடுத்துவிட்டு 6ஐ விட்டுவைப்பது. அதன்பின் சந்தை பாதியாகச் சரிந்தால் ஃபண்டில் 3, ரொக்கத்தில் 3, ஆக 6 மிஞ்சும். எடுக்காமல் இருந்திருந்தால் 4.5தான். மாறாக, அங்கிருந்து சந்தை இரட்டிப்பானால், வழியில் ஃபண்ட் 9ஐத் தொடும்போது இன்னொரு 3ஐ எடுத்திருப்பீர்கள்; ஃபண்டில் 8உம் ரொக்கத்தில் 6உமாக 14. எடுக்காமல் இருந்தால் 18. அந்த 4 வித்தியாசம்தான் பிரீமியம். இன்சூரன்ஸ் வேண்டும், பிரீமியம் மட்டும் வேண்டாம் என்றால் யாரும் தரமாட்டார்கள்.

இந்த விதி வேலை செய்யக் காரணம் நேர வரிசை. ஏஐ நிஜமாகவே வேலைகளை எடுக்கப் போகிறது என்றால் பங்கு விலை அதை முன்கூட்டியே மோப்பம் பிடித்து ஏறிவிட வாய்ப்பு அதிகம். ஆட்குறைப்புக் கடிதம் பெரும்பாலும் பிறகுதான் வரும். இடைப்பட்ட காலத்தில் லாபத்தை எடுத்து வைத்தவருக்கே அது கடிதம் வந்த நாளில் பயன்படும். திரையில் தெரியும் லாபத்தைக் கொண்டு வாடகை கட்ட முடியாது. விற்பனைக்கு வரும் வரி நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், எடுக்கும் தொகையில் அதற்கானதைத் தனியே ஒதுக்கிவிட்டு மீதியை மட்டுமே சேமிப்பாக எண்ணவேண்டும்.

வாங்கும்போது இரண்டு சின்ன விஷயங்கள். சிறிய தீம் ஃபண்டுகளில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அகலம். கிடைத்த விலைக்கு வாங்கும் மார்க்கெட் ஆர்டர் போடாமல், இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்று சொல்லும் லிமிட் ஆர்டர் போடுங்கள், சந்தை திறந்த முதல் கால் மணி நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். அடுத்தது, ஃபண்டின் பெயரையும் இண்டெக்ஸையும் ஆண்டுக்கு ஒருமுறை சரிபாருங்கள். ஐஷேர்ஸின் ரோபாட்டிக்ஸ் ஃபண்ட் ஒன்று 2024 ஆகஸ்டில் பெயரையும் பின்தொடரும் இண்டெக்ஸையும் மாற்றிக்கொண்டு எதிர்கால ஏஐ ஃபண்ட் ஆனது. பழைய காரணத்துக்காக வாங்கியவர் கையில் அன்றைக்கு வேறொரு சரக்கு இருந்தது.

ஜெயிப்பவரைத் தேடுவதைவிட அடிபடப்போகிறவரைத் தவிர்ப்பது சுலபம் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். 2023 மே 2 அன்று, மாணவர்கள் சாட்ஜிபிடிக்குப் போவது தங்கள் வளர்ச்சியைப் பாதிக்கிறது என்று ஒப்புக்கொண்ட, இணையத்தில் பாட உதவி விற்கும் செக் (Chegg) நிறுவனத்தின் பங்கு ஒரே நாளில் ஏறத்தாழ பாதியானது. உங்கள் வேலையும் உங்களிடம் இருக்கும் பங்கும் அப்படி ஒரே வகைச் சேவையை விற்கும் கம்பெனிகளில் இருந்தால், ஏஐ ஃபண்ட் வாங்கும் முன் அந்தப் பங்கை விற்றுவிடுங்கள். அதற்குக் கட்டணம் 0.68% ஆகாது.